பெயரும் பட்டியலும்: சிறுவணிகரின் புலப்பாட்டு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், பண்டம் எவ்வாறு உற்பத்தியாயிற்று, எவ்வழியே சந்தையை அடைந்தது, அதற்கு வேண்டிய கடனை வழங்கியோர் யாவர் என்பனவற்றை விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். ஆயின், வாங்குபவர் விற்பவரை எவ்வாறு கண்டறிந்தார் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெற்றதெனக் கூறுதற்கில்லை. பெருவணிகரைப் பொறுத்தவரை இவ்வினா முக்கியமற்றதாகத் தோன்றலாம்; அவர்தம் பெயரே அவர்க்கு முகவரி. சிறுவணிகருக்கோ கண்டறியப்படுதல் என்பது பிழைப்போடு நேரடியாகப் பிணைந்த விடயமாகும்.

இன்று ஒரு தையற்காரரையோ வெதுப்பகத்தையோ தேடுபவர்களுட் பலர் முதலில் தேடுபொறியையே நாடுகின்றனர். அத்தேடுபொறி தம்மைத் தெளிவாக இனங்காண வேண்டுமெனின், கடைக்காரர் தம் இணையத்தளத்தில், வாசகர் கண்ணிற் படாத ஒரு படிவமாக, கடையின் பெயர், தொழில்வகை, முகவரி, தொலைபேசி இலக்கம், திறந்திருக்கும் நேரம் முதலியவற்றை இயந்திரம் வாசிக்கத்தக்க முறையில் எழுதிவைத்தல் வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறார். இவ்வாறு எழுதப்படுவதே கட்டமைத்த தரவு எனப்படுகிறது. இதனைக் கணினித் துறைக்குரிய ஒரு நுணுக்கமெனக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு எம்மிடையே உண்டு. பட்டியலிடுதலின் நீண்ட வரலாற்றில் வைத்து இதனை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பட்டியலில் எழுதப்படும் பதிவு யாருக்குரியது, அப்பட்டியலிற் கிடைக்கும் இடம் யாருக்குரியது என்னும் வினாக்கள் இரண்டும் ஒன்றல்ல என்பதே நாம் இங்கு நிறுவ முயல்வது.

கடை தன்னை அறிவிக்கும் வழக்கம் மிகப் பழையது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கள் விற்கும் இடங்களில் உயர்ந்து பறந்த கொடிகளைக் குறிப்பிடுகின்றன. எழுத்தறிவு பரவாத சமுதாயத்திற் கொடியே அறிவிப்பாயிற்று. ஐரோப்பிய நகரங்களில் இதே தேவையை ஓவியம் தீட்டிய தொங்கு பலகைகள் நிறைவேற்றின. இவற்றிற்குப் பொதுவான பண்பொன்று உண்டு: கொடியும் பலகையும் விற்பவருக்கே உரியன, எதனைத் தீட்டுவது, எத்துணை உயரத்திற் கட்டுவது என்பதை அவரே தீர்மானித்தார். லண்டனில் இந்நிலை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் மாறியது. 1762இல் வெஸ்ற்மினிஸ்ரர்ப் பகுதிக்கென இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து தொங்கு பலகைகள் அகற்றப்பட்டன. அதே பத்தாண்டில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இலக்கமிடும் முறை பரவத் தொடங்கியது. பலகை கடைக்காரருக்கு உரியதாயிருந்தது. இலக்கமோ நகர நிர்வாகத்தினது. இம்மாற்றம் சிறிதெனினும், பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள அது உதவும்.

இலக்கமிடலுக்கு முன்னரே பட்டியல் தோன்றிவிட்டது. பாரிஸ் நகரில் 1630 அளவில் தியோபிராஸ்ற் றெனோடோ என்பார் முகவரிப் பணிமனை ஒன்றை நிறுவி, வேலை தேடுவோரையும் வேலை கொடுப்போரையும், விற்போரையும் வாங்குவோரையும் பதிவேட்டின் மூலம் இணைத்து வைத்தார். 1677இல் லண்டன் வணிகரின் பெயர்களைத் தொகுத்த சிறு நூலொன்று வெளியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைத்தொழில் முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு இத்தகைய விபரக்கொத்துகள் தனியொரு தொழிலாகவே பெருகின. லண்டன் அஞ்சல் விபரக்கொத்தை 1830களிற் கைக்கொண்ட கெலி என்பவர் அஞ்சற்றுறையிற் பணியாற்றியவர். கடிதம் பகிரும் ஊழியரைக் கொண்டே வீடுவீடாகத் தகவல் திரட்டினார். பொதுத்துறை ஊழியரின் உழைப்புத் தனியொருவரின் இலாபத்துக்குப் பயன்பட்டமை அக்காலத்திலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. எமது நாட்டைப் பொறுத்தவரை பேர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட இலங்கை விபரக்கொத்து தோட்டங்களின் பெயர், உரிமையாளர், துரைமார் முதலிய செய்திகளை மிக்க விரிவுடன் தந்தது. குடியேற்ற ஆட்சிக்கால ஏற்றுமதிப் பொருளாதாரம் எதனைக் காண விரும்பியதோ அதுவே அங்கு பட்டியலாயிற்று. பட்டியல் உலகை அப்படியே பிரதிபண்ணுவதில்லை. அதனை உருவாக்குவோரின் தேவையே அதன் பகுப்புகளைத் தீர்மானிக்கின்றது.

தொலைபேசியின் வருகை இடைத்தரகரின் அதிகாரத்தைப் புதிய வடிவில் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ற்றோஜர் என்பவர் பற்றிய செய்தி இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. தம்மை நாடி வரும் அழைப்புகளைத் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு வழங்கிய பெண் தமது போட்டியாளருக்குத் திருப்பி விடுகிறார் என அவர் ஐயுற்றாரென்றும், அதன் விளைவாகவே மனிதர் தலையீடின்றி இணைப்பு ஏற்படுத்தும் பொறியை ஆக்கினாரென்றும் கூறுவர். கதையின் விபரங்கள் எவ்வாறாயினும், அவர் அப்பொறிக்கு 1891இற் காப்புரிமை பெற்றமை வரலாற்றுண்மை. ஒரு சிறுவணிகர், தமக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் நின்ற கையை அகற்றவெனக் கண்டுபிடித்த பொறி உலகெங்கும் தானியங்கித் தொலைபேசி நிலையங்களுக்கு அடிப்படையாயிற்று. ஆனால் இடைத்தரகர் மறையவில்லை. இணைப்பு மேசையிலிருந்து விபரக்கொத்துக்கு இடம்பெயர்ந்தார் என்பதே சரி. சிக்காகோவில் 1886இல் றூபன் டொனலி தொடக்கிவைத்ததாகக் கருதப்படும் மஞ்சட் பக்கங்கள் தொழில்வாரியாக வணிகரை நிரைப்படுத்தின. காலப்போக்கில், ஒற்றை வரிப் பதிவு கட்டணமின்றியும், தடித்த எழுத்தும் கட்டமிட்ட விளம்பரமும் பணத்துக்கும் என்றொரு முறை நிலைபெற்றது. அகரவரிசையில் முதலிடம் பெறும் பொருட்டு, ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை இரண்டு, மூன்று தடவை அடுக்கித் தம் கடைக்குப் பெயர்சூட்டிக் கொண்டவர்களும் இருந்தனர். தேடுபொறி நிரலில் முன்னே வருவதற்கென இன்று செய்யப்படும் உபாயங்களைப் புதியவை என நினைப்போர் இதனை மனங்கொள்வது நன்று.

இணையத்தின் முதற் பத்தாண்டு இவ்வரலாற்றை மிக விரைவாக மீண்டும் நடத்திக் காட்டியது. 1994இல் தோன்றிய யாகூ, மனிதர் வகுத்த பட்டியலாகவே தொடங்கிப் பின்னர் வணிகத் தளங்களைப் பரிசீலிப்பதற்குக் கட்டணம் அறவிட்டது. அப்பட்டியல் 2014இன் இறுதியில் மூடப்பட்டது. அக்காலத் தேடுபொறிகள், பக்கத்தை ஆக்கியோரே அதன் தலைப்பகுதியில் மறைவாக எழுதிவைத்த குறிச்சொற்களை நம்பின. நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. பொருளுக்குத் தொடர்பற்ற சொற்களை நூற்றுக்கணக்கில் திணிக்கும் வழக்கம் பரவியது. 1998இல் உருவான கூகிள் நிறுவனத்தின் சிறப்பு, ஒருவர் தம்மைப் பற்றிக் கூறுவதை விடுத்துப் பிறர் அவருக்குக் கொடுக்கும் இணைப்புகளைச் சான்றாகக் கொண்டமையாகும். குறிச்சொற்களைத் தர வரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என அந்நிறுவனம் 2009 செப்டெம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அதன் நிறுவுநர் இருவரும் 1998இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், விளம்பர வருவாயில் இயங்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என எச்சரித்திருந்தமையும் இங்கு குறிப்பிடத்தக்கது. அவ்வெச்சரிக்கைக்குப் பின்னாளில் நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே.

வியப்புக்குரியது யாதெனில், குறிச்சொற்களைக் கைவிட்டதாக அறிவித்த அதே ஆண்டில், அதாவது 2009 மே மாதத்தில், கூகிள் நிறுவனம் தன்விபரிப்பை மற்றொரு வாயிலால் மீண்டும் அழைத்துக்கொண்டமையாகும். யாகூ அதற்கு ஓராண்டு முன்பே இத்தகைய முயற்சியைத் தொடக்கியிருந்தது. முன்னையது கட்டற்ற தன்விபரிப்பு. பின்னையது விதிக்கப்பட்ட படிவத்தில் அமைந்த தன்விபரிப்பு. மறுக்கப்பட்டது மறுக்கப்பட்ட வடிவிலேயே திரும்பி வரவில்லை.

இப்படிவத்தின் பிறப்பிடம் வணிகமன்று, ஆய்வுலகம் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வலையின் தந்தையெனப்படும் ரிம் பேர்ணேர்ஸ்-லீ முதலியோர், பொருளுணர்ந்து இயந்திரங்கள் வாசிக்கத்தக்க வலையொன்றைக் கனவு கண்டனர்; 2001இல் அவரும் வேறிருவரும் எழுதிய கட்டுரை அக்கனவைப் பலரும் அறியச் செய்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தரவை விபரிக்கும் பொதுச் சட்டகம் ஒன்று வலைக் கூட்டமைப்பினால் விதந்துரைக்கப்பட்டிருந்தது. அதன் கருத்துருவாக்கத்திற் பங்குகொண்டவரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றவருமான இராமநாதன் குகா, உலகப் பொது அறிவையெல்லாம் கணினிக்குக் கற்பிக்க முனைந்த சைக் திட்டத்திலும் முன்னர் உழைத்தவர். ஜேர்மனியப் பேராசிரியர் மார்ட்டின் ஹெப், விற்பனைப் பண்டங்களையும் கடைகளையும் விபரிப்பதற்கென 2008இல் ஒரு சொற்றொகுதியை வெளியிட்டார். ஆயினும் ஆய்வாளரின் சொற்றொகுதிகள் பலவாய்ச் சிதறிக் கிடந்தன. கடைக்காரர் எதனைப் பின்பற்றுவது என்று அறியாத நிலை நிலவியது. 2011 யூன் 2ஆந் திகதி கூகிள், மைக்ரோசொப்ட், யாகூ ஆகிய மூன்றும் இணைந்து ஸ்கீமா.ஓர்க் எனும் பொதுச் சொற்றொகுதியை அறிவித்தன. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் அவ்வாண்டிலேயே சேர்ந்துகொண்டது. போட்டி நிறுவனங்கள் ஒரு நிகண்டில் உடன்பட்டமை அரிதான நிகழ்ச்சி. ஹெப்பின் சொற்றொகுதியும் 2012இல் இதனுட் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் 297 இனங்களும் 187 உறவுகளும் கொண்டிருந்த இத்தொகுதி நான்காண்டுகளில் 638 இனங்களும் 965 உறவுகளுமாய் விரிந்தது. குகாவும் துணைவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்கள் ஆராய்ந்த 1000 கோடிப் பக்கங்களில் ஏறத்தாழ 31 வீதமானவை இதனைப் பயன்படுத்தின. அதற்கு ஓராண்டு முன்னர் அது 22 வீதமாயிருந்தது.

நிகண்டு எனும் சொல்லை நாம் அணியாகக் கையாளவில்லை. சூடாமணி நிகண்டு தெய்வப்பெயரில் தொடங்கி, மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருட்களை இனம்பிரித்துச் செல்கிறது. ஒரு சொல் பல பொருள் குறிக்கும் இடர்ப்பாட்டுக்கெனத் தனித்தொகுதியையும் வகுக்கின்றது. ஸ்கீமாவும் பொருள் என்னும் பேரினத்திற் தொடங்கி, நிறுவனம், இடம், ஆள், நிகழ்ச்சி, ஆக்கம் எனக் கிளைக்கின்றது. உள்ளூர் வணிகம் என்னும் இனம் நிறுவனத்துக்கும் இடத்துக்கும் ஒருங்கே பிள்ளையாக வைக்கப்பட்டுள்ளது. இது நுட்பமான முடிவு, ஏனெனில் சிறுகடை என்பது ஓர் ஆளுமையும் ஒரு முகவரியும் ஒன்றான பொருள். எந்த நிகண்டும் அது தோன்றிய சமுதாயத்தின் மேனிலையாளர் உலகைக் கண்ட விதத்தைத் தன் நிரலமைப்பிற் காட்டிக்கொடுக்கும் என்பது எம் துறையினர் நன்கறிந்தது. உள்ளூர் வணிகத்தின் கீழே கொல்ஃப் திடலுக்கு ஓர் இனம் உண்டு. பனிச்சறுக்கு விடுதிக்கு உண்டு. பச்சைகுத்தும் நிலையத்துக்கும் அடைவுகடைக்கும் உண்டு. தொழிலே ஏறத்தாழ அழிந்துவிட்ட திரைப்பட வாடகைக் கடைக்கும் இன்னமும் இடமுண்டு. தையற்காரருக்கோ தனி இனம் இல்லை.

இனி இப்படிவம் சிறுவணிகருக்கு யாது செய்கிறது என நோக்குவோம். எடுத்துக்காட்டாக யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதியில் ஒரு தையற்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பக்கத்தில் ஜேசன்-எல்டி எனப்படும் எழுத்துமுறையில் (இது 2014இல் வலைக் கூட்டமைப்பின் விதந்துரையாயிற்று) பத்துப் பதினைந்து வரிகள் சேர்க்கப்படுகின்றன. கடையின் பெயர், முகவரியின் உறுப்புகள், நில நேர்கோடு குறுக்குக்கோடு, கிழமைவாரியான நேரம், விடுமுறை நாட்கள், அதே கடையைக் குறிக்கும் பிற பக்கங்களின் இணைப்புகள் ஆகியன அங்கு இடம்பெறுகின்றன. பக்கத்தில் வெளிப்படையாகக் காணப்படாத செய்தி படிவத்திலும் இருத்தலாகாது என்பது விதி. மீறினால் அலங்காரத் தோற்றம் பெறும் தகுதி பறிக்கப்படலாம். இப்படிவம் தர வரிசையில் நேரடியாக உயர்த்துவதில்லை எனக் கூகிள் நிறுவனத்தார் பலகாலும் கூறிவந்துள்ளனர். அது செய்வது இரண்டு: இக்கடை எது என்ற ஐயத்தைப் போக்குதல், நட்சத்திரம், நேரம், விலை போன்ற மேலதிகச் செய்திகளுடன் தோன்றும் வாய்ப்பைத் திறந்துவைத்தல். வாய்ப்பு மட்டுமே, உறுதிமொழியன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பணம் பறிப்போர் எல்லா நாடுகளிலும் உள்ளனர்.

இவற்றுள் இரண்டாவதன் வரலாறு அறிவுறுத்துவதாயுள்ளது. எழுதியவரின் பெயரும் படமும் தேடல் முடிவுகளில் தோன்றும் வசதி 2011இல் அறிமுகமாயிற்று; 2014 ஓகஸ்ற்றில் முற்றாக நீக்கப்பட்டது. தம் கடை பற்றிய மதிப்பீடுகளைத் தம் பக்கத்திலேயே படிவமாக்கி நட்சத்திரம் பெற்றுவந்த வணிகர்கள் 2019 செப்டெம்பரில் அவற்றை இழந்தனர். வினாவிடைப் படிவம் 2019 மே மாதத்தில் ஊக்குவிக்கப்பட்டது. எண்ணற்ற சிறுதளங்கள் அதற்கென உழைத்தன. 2023 ஓகஸ்ற்றில் அத்தோற்றம் பெயர்பெற்ற அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டுமென ஒடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் நிகழ்ந்தது ஒன்றே. முதலிற் படிவத்தை நிறைத்தோர் சிலர், ஆதலால் வேறுபாடு தோன்றி நன்மை விளைந்தது. யாவரும் நிறைத்தபோது வேறுபாடு மறைந்தது, திரையின் உரிமையாளர் அவ்விடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் வேறுபாட்டு நிலவாடகையை விளக்குமிடத்து, வளத்தோடு இருப்பிடத்தையும் அதன் காரணியாகக் கொண்டார். தேடல் முடிவின் முதற் சில வரிகள் அத்தகைய இருப்பிடம். குத்தகைக்காரர் தம் உழைப்பால் நிலத்தைப் பண்படுத்துகிறார். குத்தகை முடியும்போது பண்பட்ட நிலம் நிலவுடைமையாளரிடம் சேர்கிறது.

உழைப்பைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இரண்டாம் தொகுதியில், கணக்கெழுதுதலைச் சுற்றோட்டச் செலவாக வகுத்த மார்க்ஸ், இந்தியக் கிராம சமுதாயத்தில் கணக்கெழுதுபவர் சமுதாயத்தின் தனி அலுவலராக விளங்கியதையும் அடிக்குறிப்பிற் சுட்டினார். அங்கு பதிவு பொதுவின் பொறுப்பு. கெலியின் விபரக்கொத்தில் பதிவைத் திரட்டியவர் பதிப்பாளரின் ஆட்கள். இன்றோ பதிவை எழுதுபவரும் திருத்துபவரும் கடைக்காரரே. அதனைத் திரட்டிப் பயனடைவோர் பிறர். கடையின் நேரமும் தொலைபேசி இலக்கமும் தேடல் பக்கத்திலேயே தோன்றுவதால் வாடிக்கையாளர் கடையின் தளத்துக்கு வாராமலே போகவும் கூடும். தன்னார்வலர் பலர் வளர்த்த ஃபிரீபேஸ் எனும் தரவுத்தொகுதிக்கு நேர்ந்தது இதனினும் வெளிப்படையானது: அதனை நடத்திய நிறுவனம் 2010இல் கூகிளுக்கு விற்கப்பட்டது, 2012 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட கூகிளின் அறிவு வரைபடத்துக்கு அது ஊற்றுகளில் ஒன்றாயிற்று, 2016இல் மூடப்பட்டது. பொதுநிலத்தைச் சுற்றி வேலியிட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

எம்மவருட் சிலர் இவ்வளவில் நின்று, கட்டமைத்த தரவு ஏகபோக முதலின் கருவி, அதனைப் புறக்கணிப்பதே தக்கது என்பர். அம்முடிவு அவசரமானது. திரையில் இடம் பிறர்க்குரியது, பதிவோ அவ்வாறன்று. சொற்றொகுதி வெளிப்படையானது, உரிமக் கட்டணம் இல்லாதது, ஒருமுறை சரியாக எழுதப்பட்ட பதிவைப் போட்டித் தேடுபொறியும், நிலப்படமும், நூலகமும், ஊர்ச் சங்கத்தின் பட்டியலும் ஒருங்கே வாசிக்கலாம். கடைக்காரர் சொந்தத் தளத்திற் பதிவை வைத்திருக்கும்வரை அது அவரது பலகையே. சமூக ஊடகப் பக்கமொன்றை மட்டும் நம்பியிருப்போருக்கு இவ்வாய்ப்பும் இல்லை. அங்கு இப்படிவத்தைத் தாமாக எழுதிச்சேர்க்க இயலாது. எமது சிறுகடைகளுட் பலவற்றின் நிலை இதுவாதலின், நட்சத்திரத்துக்கு அலைவதிலும் பார்க்கச் சொந்தமாக ஒரு பக்கம் பெறுவதே முதற்றேவை என்பது எம் துணிபு.

தமிழ் வணிகருக்கு இதிற் சிறப்பாக ஓர் அக்கறை உண்டு. ஒரே கடை தமிழில் ஒரு பெயராலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களாலும், சிங்களத்தில் வேறொரு வடிவாலும் அறியப்படுகிறது. காங்கேசன்துறை வீதியே கே.கே.எஸ். வீதி எனவும் எழுதப்படுகிறது. இயந்திரம் இவற்றை மூன்று கடைகளென மயங்குதல் எளிது. படிவத்தின் உறுப்புப் பெயர்கள் ஆங்கிலமாயினும் அவற்றில் இடப்படும் பெறுமதி தமிழாயிருக்கத் தடையில்லை. மாற்றுப்பெயர் எனும் உறுப்பு ஏனைய வடிவங்களை ஏற்கும். 2004இல் தோன்றிய ஓப்பின்ஸ்ட்ரீட்மப் எனும் பொது நிலப்படமும் ஓரிடத்தின் பெயரை மொழிவாரியாகப் பதிய இடந்தருகிறது. தையற்காரர் தம்மை உள்ளூர் வணிகம் எனப் பொதுவாகக் குறித்து, மேலதிக இனம் எனும் உறுப்பில் விக்கித்தரவிலுள்ள தையற்றொழில் உருப்படியைச் சுட்டலாம். புதிய இனங்களுக்கான முன்மொழிவுகள் 2015 முதல் வலைக் கூட்டமைப்பின் கீழமைந்த குழுவொன்றிற் பொதுவில் விவாதிக்கப்படுகின்றன, எவரும் எழுதலாம். ஏற்பதா மறுப்பதா என முடிவுசெய்யும் வழிநடத்தற் குழுவில் புரவல நிறுவனங்களின் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். தனி அறிஞர் சிலருக்கும் அங்கு இடமுண்டு. கடைக்காரர் சார்பில் அமர்ந்தவர் எவருமிலர்.